எந்தப் பலகை எந்த இடத்துக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற சனிக்கிழமை தங்கள் நாளிதழின் வீடு–மனை இணைப்பில் ப்ளைவுட், பிளாக் போர்டு, எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு என்ற நான்கு மரப் பலகைகளையும் ஒப்பிட்டு வந்த கட்டுரையைப் படித்தேன். விளக்கம் எளிமையாகத்தான் இருந்தது. ஆனால் கடைசியில் போட்டிருந்த நட்சத்திர அட்டவணை எங்கள் பிழைப்பைச் சிக்கலாக்கிவிட்டது. ப்ளைவுட்டுக்கு ஐந்து நட்சத்திரம், பார்ட்டிகிள் போர்டுக்கு இரண்டு. ஞாயிற்றுக்கிழமையே ஒரு வீட்டுக்காரர் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் காட்டி, "அண்ணே, எல்லாமே அஞ்சு ஸ்டார்லயே போட்டுடுங்க" என்றார். டி.வி.க்குப் பின்னால் வரும் அலங்காரப் பலகைக்கும், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே வரும் அலமாரிக்கும் ஒரே பலகை போடச் சொல்கிறார். முதலாவதில் பணம் வீண். இரண்டாவதில், எந்த ப்ளைவுட் என்று கேட்காமல் போட்டால் வீடே நாறும்.

நான் குமரி மாவட்டத்துக்காரன். ஐ.டி.ஐ.யில் தச்சு படித்துவிட்டு வந்து, மேற்குத் தாம்பரம், முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கம் மரவேலை ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறேன். இந்தப் பகுதியில் தொழில் செய்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு, அதை வசதி என்று சொல்லலாமென்றால். பலகைகளைச் சோதித்துப் பார்க்கத் தனியாக ஆய்வுக்கூடம் வேண்டாம், அடையாறு ஆறே அதைச் செய்துகொடுக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு அலமாரிகளைப் பிரித்து அள்ளிப் போட்டது நாங்கள்தான். எந்தப் பலகை எப்படி இருந்தது என்பதை அப்போது கையால் தொட்டுப் பார்த்தோம்.

பார்ட்டிகிள் போர்டில் செய்த கீழ் அலமாரிகள் டீயில் விழுந்த ரஸ்க் மாதிரி ஊதிப்போய் நின்றன. பிடித்துத் தூக்கினால் கையோடு பிய்ந்து வந்தது. எம்.டி.எஃப். அந்த அளவுக்கு உதிரவில்லை, ஆனால் விளிம்பெல்லாம் உதடு மாதிரி தடித்துவிட்டது. காய்ந்த பிறகும் பழைய கனத்துக்குத் திரும்பவில்லை. பிளாக் போர்டுக்குள் இருக்கும் பைன் பட்டைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் தண்ணீர் குடித்ததால் கதவின் மேல் அலை அலையாகத் தெரிந்தது. ‘கமர்ஷியல்’ என்று விற்கும், ஈரக்காற்றை மட்டும் தாங்கும் எம்.ஆர். ரக ப்ளைவுட் ஏடு ஏடாகப் பிரிந்தது. தண்ணீர் தாங்கும் உயர்ரகமான 710 ப்ளைவுட் மட்டும் கழுவிக் காயவைத்ததும் பெரும்பாலும் நேராகவே நின்றது. ஆனால் அதிலும் ஒரு வேடிக்கை. பலகை நன்றாக இருக்க, மேலே ஒட்டிய மைக்கா கழன்று தொங்கியது. பலகைக்குச் செலவழித்தவர் பசைக்குச் செலவழிக்கவில்லை. தண்ணீர் தாங்கும் பலகையில் தண்ணீரில் கரையும் சாதா வெள்ளைப் பசையை வைத்து ஒட்டியிருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு ‘அப்படியானால் எல்லாம் 710’ என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வெள்ளம் வந்தது தரையிலிருந்து மூன்று, நான்கு அடி வரை. அதற்கு மேலே சுவரில் மாட்டியிருந்த பார்ட்டிகிள் போர்டு அலமாரிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் அந்த வீடுகளில் தொங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. பலகைக்கு மதிப்பெண் கிடையாது, அது நிற்கும் இடத்துக்குத்தான் மதிப்பெண். நான் எழுத வந்தது இது ஒன்றுதான்.

முதலில் ப்ளைவுட். தங்கள் கட்டுரை எல்லா ப்ளைவுட்டையும் ஒரே வரிசையில் நிறுத்தியிருந்தது. மரத்தை மெல்லிய ஏடாகச் சீவி, ஓர் ஏட்டின் நார் நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் போகும்படி அடுக்கி, சூட்டில் அழுத்தி ஒட்டுவதுதான் ப்ளைவுட். ஏடுகளின் எண்ணிக்கை பொதுவாக ஒற்றைப்படை. தரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நடுவில் இருக்கும் பசை. எம்.ஆர். ரகத்தில் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. ஈரக்காற்றைத் தாங்கும், தேங்கிய தண்ணீரைத் தாங்காது. இந்தியத் தர நூலான ஐ.எஸ். 303-இல் வரும், கொதிநீர் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். ரகத்தை 8 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிப்பார்கள். ஐ.எஸ். 710 ரகத்துக்கு அதே சோதனை 72 மணி நேரம். அதில் பீனால் ஃபார்மால்டிஹைடு பசை, ஏடுகளுக்குப் பூச்சி மருந்தும் ஏற்றியிருக்க வேண்டும். கடைக்காரர் மூன்றையும் ‘வாட்டர் ப்ரூஃப்’ என்றே விற்பார். அந்தப் பெயரை மட்டும் வைத்துத் தரத்தை முடிவு செய்ய முடியாது.

ஒரு சின்னத் துண்டை வெட்டி வாங்கி அடுப்பில் சில மணி நேரம் கொதிக்கவிட்டால் எம்.ஆர். ரகம் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். வீட்டம்மாக்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. விளிம்பைப் பார்த்தும் சிலது தெரியும். பீனால் பசையின் கோடு கருஞ்சிவப்பாக இருக்கும். ஆனால் யூரியா பசையில் சாயம் கலந்து கறுப்பாக்கிவிடுகிறவர்களும் உண்டு. ஆகவே நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. விளிம்பில் ஏடுகளுக்கு நடுவே சந்து இருக்கிறதா, அந்தச் சந்தில் மாவு பூசி மறைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பலகையைப் படுக்கவைத்து விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால், உள்ளே காலியாக இருக்கும் இடத்தில் சத்தம் மாறும். தடிமனையும் அளந்து பார்க்க வேண்டும். 18 மி.மீ. என்று பில் போட்ட பலகை 16-ஐக்கூடத் தொடாததை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

ப்ளைவுட்டுக்கும் மரப் பலகைகளுக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் மத்திய அரசின் ஆணைகள் 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வரத் தொடங்கின. முத்திரைக்கு மேலே ஐ.எஸ். எண்ணும் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். அந்த உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் எந்தத் தொழிற்சாலைக்குக் கொடுத்தது, இன்னும் செல்லுமா என்று காட்டிவிடும். தங்கள் கட்டுரையில் நட்சத்திரத்துக்குப் பதில் இந்த ஒரு குறிப்பு இருந்திருந்தால் எத்தனையோ பேருக்குப் பயன்பட்டிருக்கும்.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘பர்மா கர்ஜன்’ மரத்தில் செய்தது என்று சொல்லிக் கூடுதலாகக் கேட்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. மியான்மர் 2014 ஏப்ரலிலேயே உருட்டு மரம் ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. இங்கே அதற்கும் முன்பே, நீலகிரி கூடலூர்க் காடுகளைப் பற்றி கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்திப் போட்ட உத்தரவு காட்டு மரத்தை நம்பியிருந்த ப்ளைவுட் தொழிலையே திசைதிருப்பியது. வடகிழக்கில் ஆலைகள் மூடின. இன்று ப்ளைவுட்டின் உள்ளே இருப்பது தோட்டத்து மரம்: வடக்கே பாப்லர், யூகலிப்டஸ், கேரளத்தில் ரப்பர். நம் ஊரில் மலைவேம்பையும் இதற்காகவே நடுகிறார்கள். எங்கள் குமரி மாவட்டத்து ரப்பர்த் தோட்டங்களில் பால் வற்றிய மரத்தை வெட்டினால் லாரி கேரளத்தில் ப்ளைவுட் ஆலைகள் நிறைந்த பெரும்பாவூர் பக்கம்தான் போகும். ரப்பர் மட்டமான மரம் என்று முகம் சுளிக்கிறார்கள். மரம் மட்டமில்லை. அதில் மாவுச்சத்து அதிகம், வெட்டிக் கிடந்தால் சீக்கிரம் பூஞ்சையால் நீலம் பாயும், வண்டு ஏறும். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் ஏற்றிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஏற்றாத பலகையில்தான் ஆறு மாதம் கழித்து அலமாரித் தட்டில் வெள்ளை மாவு கொட்டுகிறது. கடைக்காரரிடம் எந்த மரம் என்று கேட்பதைவிட மருந்து ஏற்றியதா என்று கேட்பது மேல்.

பிளாக் போர்டு ஐ.எஸ். 1659-இல் வருகிறது. நடுவே மரப் பட்டைகளை நெடுக்காக அடுக்கி இருபுறமும் ஏடு ஒட்டியது. ஏழடி உயர அலமாரிக் கதவுக்கு இதைத்தான் போடுவேன். ப்ளைவுட் கதவு அந்த உயரத்தில் ஒன்றிரண்டு வருடத்தில் வில்லாக வளைவதைப் பார்த்திருக்கிறேன். பிளாக் போர்டு எடையும் குறைவு, கீலுக்குச் சுமை குறையும். ஆனால் குறுக்கே அறுத்துச் சின்னச் சின்னப் பெட்டி செய்ய இது உதவாது. பட்டைகளுக்கு நடுவே சந்து விழுந்த இடத்தில் திருகு போய் உட்கார்ந்தால் பிடிமானமே இருக்காது.

எம்.டி.எஃப். மேல் மக்களுக்கு இருக்கும் பயம் பாதி நியாயம், பாதி வதந்தி. ‘அது அட்டைதானே’ என்கிறார்கள். மரத்தை நாராக அரைத்துப் பசை கலந்து அழுத்திய பலகை அது. நார் திசை இல்லாததால் எந்தப் பக்கம் அறுத்தாலும் பிசிறு வராது. ராட்டர் என்ற செதுக்கும் மெஷின் போட்டுப் பூவேலை எடுக்கவும், பூஜை அறைக் கதவில் ஜாலி வெட்டவும், பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட் அடிக்கவும் இதைவிட நல்ல பலகை கிடையாது. ப்ளைவுட் மேல் அதே பெயிண்டை அடித்தால் உள்ளிருக்கும் ஏட்டின் வரி கொஞ்ச நாளில் மேலே தெரியும். எம்.டி.எஃப்.பின் பலவீனம் விளிம்பில். துளை போடாமல் விளிம்பில் திருகு ஏற்றினால் பிளந்துகொள்ளும். ஈரத்துணியால் தினமும் துடைக்கும் கீழ் விளிம்பு ஊதும். அதில் கொஞ்சம் முன்னேறிய ரகம் ஹெச்.டி.ஹெச்.எம்.ஆர். அடர்த்தியும் ஈரம் தாங்கும் திறனும் அதிகம், எடையும் அதிகம். எட்டுக்கு நான்கு, 18 மி.மீ. பலகை ஒன்றை எடுத்தால் ப்ளைவுட் முப்பத்திரண்டு கிலோவுக்குப் பக்கம், சாதா எம்.டி.எஃப். நாற்பது, இது நாற்பத்தைந்தைத் தொடும். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்கு அதைத் தூக்கிப் போகிற பையன்களைக் கேளுங்கள், இந்தக் கணக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

பார்ட்டிகிள் போர்டுக்குத்தான் உங்கள் அட்டவணை ரொம்ப அநியாயம் செய்துவிட்டது. மரத்தூளையும் சீவலையும் பசையால் அழுத்திய பலகை. விலை குறைவு, மேலே லேமினேட் ஒட்டியே வரும். அதன் தரத்துக்கு ஐ.எஸ். 12823 இருக்கிறது. இது ஆலையில் வெட்டி, நான்கு விளிம்பிலும் இயந்திரத்தால் பட்டை ஒட்டி, துளையும் இயந்திரத்திலேயே போட்டு வர வேண்டிய பொருள். அப்படி வந்த படுக்கையறை அலமாரி, ஈரமில்லாத சுவரை ஒட்டி நின்றால், பல வருடம் சும்மா நிற்கும். அதே பலகையை வீட்டிலேயே வைத்துக் கைரம்பத்தில் அறுத்து, உதிர்ந்த விளிம்பில் பெயிண்டைப் பூசி மறைத்து, கீலைப் பிடுங்கி மறுபடி அதே துளையில் திருகினால் எப்படி நிற்கும்? கெட்ட பெயர் பலகைக்கு வந்துவிட்டது. ப்ளைவுட் எங்களைப் போலத் தளத்தில் நின்று வேலை செய்கிற ஆசாரியின் பலகை, பார்ட்டிகிள் போர்டு ஆலையின் பலகை. இடம் மாற்றிப் போட்டால் இரண்டுமே தோற்கும்.

ஆனால் புத்தக அலமாரிக்கு மட்டும் பார்ட்டிகிள் போர்டைப் போடாதீர்கள். எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு இரண்டுக்கும் ப்ளைவுட்டின் விறைப்பில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். ஐ.டி.ஐ.யில் சொல்லிக்கொடுத்த ஒரு கணக்கை இன்றும் நான் வேலையில் பயன்படுத்துகிறேன். புத்தகம் நிறைய அடுக்கிய தட்டின் நீளத்தை இரட்டித்தால் நடுவில் தொய்வு 16 மடங்கு ஆகும். பலகையின் தடிமனை இரட்டித்தால் தொய்வு எட்டில் ஒன்றாகக் குறையும். நாலடித் தட்டு கேட்கிறவர்களிடம் நடுவே ஒரு நிலைப்பலகை வைக்கச் சொல்வது அதனால்தான். அழகு கெடும் என்று முகம் வாடுவார்கள்.

பி.வி.சி. நுரைப் பலகையை ‘டபிள்யூ.பி.சி.’ (மரமும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) என்று சொல்லி மரத்துக்கு மாற்றாக விற்கிறார்கள். தண்ணீரும் கரையானும் அதைத் தொடாது என்பது உண்மை. குளியலறைக் கதவுக்கும் தொட்டிக்குக் கீழ் அலமாரிக்கும் தாராளமாகப் போடலாம். உயரமான கதவுக்கும் அடுப்புக்குப் பக்கத்துக்கும் வேண்டாம். சூட்டில் தளரும், திருகுப் பிடிப்பும் மரத்துக்கு ஈடாகாது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளின் வீட்டைப் பார்த்துவிட்டு வந்து, பெரிய மரச் சீவல்களை அழுத்திச் செய்யும் ஓ.எஸ்.பி. பலகை கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே சுவரும் கூரையுமே அதில்தான். நம் கான்கிரீட் வீட்டில் அதற்கு வேலை இல்லை.

இப்போது பணம் கொடுக்கும் இடத்துக்கு வருகிறேன். அடுக்குமாடி வீடு வாங்குகிறவர்களின் ஒப்பந்தத்தைப் பார்த்தால் குழாய்க்கும் டைல்ஸுக்கும் பிராண்டு பெயர் வரை எழுதியிருக்கும். மரவேலை என்ற இடத்தில் ‘தரமான ப்ளைவுட்’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016-இன் 14-ஆவது பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த ஐந்து வருடத்துக்குள் வேலையிலோ தரத்திலோ குறை தெரிந்து சொன்னால், கட்டுநர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்துதர வேண்டும். ‘தரமான’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு எந்தக் குறையை நிரூபிப்பது? ‘சமையலறைக் கீழ்ப் பெட்டி: ஐ.எஸ். 710, 18 மி.மீ.; மேல் பெட்டி: ஐ.எஸ். 12823; வாசல் கதவு தவிர்த்த உள்கதவுகள்: ஐ.எஸ். 2202’ என்று இடத்துக்கு இடம் எழுதி வாங்கினால் பேச ஒரு பிடி கிடைக்கும். எங்களைப் போன்ற சின்ன ஒப்பந்தக்காரர்களிடமும் இப்படியே எழுதி வாங்குங்கள். நேர்மையாகச் செய்கிறவனுக்கு அதில் நஷ்டமில்லை. ஒரு பலகைக்கு இவ்வளவு என்று கடையில் ஆசாரிக்கும் டிசைனருக்கும் கமிஷன் போகிற வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஐ.எஸ். எண் காகிதத்தில் ஏறிவிட்டால் கமிஷனுக்காகப் பலகையை மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை.

தங்கள் கட்டுரை தொடாத விஷயம் இன்னொன்று. இந்தப் பலகைகளின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். புது அலமாரியைத் திறந்தவுடன் கண் கரிப்பது இதனால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இலேயே இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. வீட்டுக்காரர், வாயு குறைவாக வெளியேறும் ‘இ1’ தரமோ அதற்கும் குறைந்த வெளியேற்றமோ உள்ள பலகையைக் கேட்டு வாங்கலாம், குடிபோகும் முன் சில நாட்கள் ஜன்னலைத் திறந்துபோடலாம். ஆனால் அந்தப் பலகையை அறுப்பவனுக்கு ஜன்னல் ஏது? ஏ.சி. பொருத்தி முடித்த ஃப்ளாட்டில், பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார் என்று கதவைச் சாத்திவிட்டு, எம்.டி.எஃப்.பை மெஷினில் அறுக்கச் சொல்கிறார்கள். மாவை விட மெல்லிய தூசி அது, துணி கட்டினால் நிற்காது. என்னிடம் வேலை செய்யும் ஒடிசா, பிகார் பையன்களுக்கு எம்.டி.எஃப். அறுக்கும் நாளில் எல்லாம் இருமல். இப்போது தூசி உறிஞ்சும் மெஷினை ரம்பத்தோடு இணைத்து வைத்திருக்கிறேன், வடிகட்டி வைத்த முகக்கவசமும் வாங்கிக் கொடுக்கிறேன். அந்தச் செலவை மதிப்பீட்டில் தனி வரியாகப் போட்டால் அதைத்தான் முதலில் அடிக்கிறார்கள். அடுக்குமாடிச் சங்கங்கள் மொட்டைமாடியிலோ வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்திலோ பலகை அறுக்க ஓர் இடமும் ஒரு பிளக் பாயின்ட்டும் ஒதுக்கிக் கொடுத்தால் போதும். பாதித் தொல்லை தீரும், அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களின் சண்டையும் குறையும்.

இப்படிக்கு,
ஒரு மரவேலை ஒப்பந்தக்காரர்,
மேற்குத் தாம்பரம்.